விஷ்ஃபுல் டிரிங்கிங்: ஒரு தாய், ஒரு மகள், ஒரு தனிநபர் மேடை

விஷ்ஃபுல் டிரிங்கிங் என்பது அமெரிக்க நடிகையும் எழுத்தாளருமான கேரி ஃபிஷர் (1956–2016) தாமே எழுதித் தாம் ஒருவராகவே நடித்த நகைச்சுவை மேடை நிகழ்ச்சி. 2006 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கெஃபன் பிளேஹவுஸ் அரங்கில் முதலில் நிகழ்த்தப்பட்டது. பல நகரங்களில் நடந்தபின் 2009 அக்டோபர் 4 அன்று நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஒன்றான ஸ்டூடியோ 54-இல் தொடங்கி, 2010 சனவரி வரை அங்கே நடந்தது. 2008 இறுதியில் நூலாகவும், 2010 திசம்பரில் எச்பிஓ தொலைக்காட்சியில் படமாகவும் வெளிவந்தது. கேரி ஃபிஷரின் தாய் டெபி ரெனால்ட்ஸ் (1932–2016), ஹாலிவுட்டின் புகழ்பெற்ற பாடகி, நடனக்காரர், நடிகை.

தலைப்பு ஒரு சொல் விளையாட்டு. நடக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதையே நடந்துவிட்டதாக நம்பிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘விஷ்ஃபுல் திங்கிங்’ என்பார்கள். அதில் எண்ணத்தைக் குறிக்கும் ‘திங்கிங்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் குடிப்பழக்கத்தைக் குறிக்கும் ‘டிரிங்கிங்’ என்ற சொல்லைப் பொருத்தினார் கேரி. தம் போதைப் பழக்கத்தையும் மனநோயையும் பற்றிப் பேசப்போகும் நிகழ்ச்சிக்கு அவர் வைத்த பெயரே ஒரு நகைச்சுவையாக இருந்தது.

இந்நிகழ்ச்சியை ஸ்டார் வார்ஸ் படத்தின் இளவரசி லேயா தம் வாழ்க்கையைச் சொன்ன நிகழ்ச்சி என்றே பலரும் அறிந்திருக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் பாதிதான். இதன் உயிர் தாய்க்கும் மகளுக்கும் இடையில் ஐம்பது ஆண்டுகளாக நடந்த ஒரு வழக்கில் இருக்கிறது. குடும்பத்தின் துன்பத்தை ஊர் முன்னால் எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது, யார் சொல்வது என்பதே அந்த வழக்கு. அதைப் புரிந்துகொள்ளத் தாயின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

டெபி ரெனால்ட்ஸும் 1958-ஆம் ஆண்டும்

டெபியின் இயற்பெயர் மேரி ஃபிரான்சிஸ் ரெனால்ட்ஸ். டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1948-இல், 16 வயதில், உள்ளூர் அழகிப் போட்டியில் வென்று வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பெற்றார். டெபி என்ற பெயரே திரைப்பட நிறுவனம் சூட்டியதுதான். பின்னர் எம்ஜிஎம் நிறுவனத்துக்கு மாறினார். 1952-இல் வெளியான ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தில் ஜீன் கெல்லி, டொனால்ட் ஓ’கானர் ஆகிய இரு பெரும் நடனக் கலைஞர்களுக்கு ஈடுகொடுத்து ஆடியபோது அவருக்கு வயது 20-ஐ எட்டவில்லை. நடனத்தில் முறையான பயிற்சி அதுவரை இல்லாதவர். ஒரு நடனக் காட்சியைப் படமாக்கி முடித்தபோது பாதங்களில் இரத்தம் கசிந்ததாகப் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். படத்தில் அந்த வலியின் சுவடு துளியும் தெரியாது. அக்காலப் படநிறுவனங்கள் தம் நடிகைகளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான்: வலி வெளியே தெரியக்கூடாது.

1955-இல் டெபி, அப்போது நாடெங்கும் புகழ்பெற்றிருந்த பாடகர் எடி ஃபிஷரை மணந்தார். பத்திரிகைகள் இருவரையும் அமெரிக்காவின் செல்ல இணையர் என்று கொண்டாடின. 1956 அக்டோபர் 21 அன்று கேரி பிறந்தார். 1958 பிப்ரவரியில் தம்பி டாட் பிறந்தார். தம்பியின் பெயர் எடியின் நெருங்கிய நண்பரான தயாரிப்பாளர் மைக் டாட்டின் பெயரைத் தழுவி வைக்கப்பட்டது. மைக் டாட்டின் மனைவி எலிசபெத் டெய்லர். அவர்களுடைய திருமணத்தில் எடி மாப்பிள்ளைத் தோழர், டெபி மணமகளின் தோழி.

1958 மார்ச்சில் மைக் டாட் விமான விபத்தில் இறந்தார். கணவரை இழந்த எலிசபெத்துக்கு ஆறுதல் சொல்லச் சென்ற எடி, அவரிடமே தங்கிவிட்டார். கேரி இரண்டு வயதை எட்டும் தறுவாயில் தந்தை வீட்டைவிட்டுப் போனார். மறு ஆண்டு மே மாதம் எடியும் எலிசபெத்தும் மணந்துகொண்டார்கள். அக்கால அமெரிக்காவில் இது சாதாரணச் செய்தி அல்ல. நாளிதழ்களின் முதல் பக்கத்தைப் பல மாதங்கள் பிடித்துக்கொண்ட செய்தி. எடியின் தொலைக்காட்சி நிகழ்ச்சி நின்றுபோனது. சில ஆண்டுகளில், ‘கிளியோபாட்ரா’ படப்பிடிப்பின்போது எலிசபெத் உடன்நடித்த ரிச்சர்ட் பர்ட்டனுடன் காதல் கொண்டு எடியைக் கைவிட்டார் என்பது கதையின் பின்பகுதி.

இந்தப் புயலின் நடுவில் எடுக்கப்பட்ட டெபியின் ஒரு புகைப்படம் இன்றும் பேசப்படுகிறது. இரட்டைச் சடையும், மேல்சட்டையில் குழந்தையின் அரைத்துணிக்குக் குத்தும் ஊக்குகளுமாக வீட்டு வாசலில் அவர் செய்தியாளர்களைச் சந்திக்கும் படம் அது. கைக்குழந்தையோடு கைவிடப்பட்ட இளம் தாய் என்று பார்த்தவர்கள் உருகினார்கள். அந்த ஊக்குகள் தற்செயலாக அங்கே இருந்தனவா, படநிறுவனத்தின் விளம்பர அறிவு அங்கே வைத்ததா என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. எது உண்மையானாலும், உடைந்த ஒரு வீட்டின் கதையை அன்று பிறர்தாம் சொன்னார்கள். செய்தியாளர்களும் விளம்பரப் பிரிவினரும் சொன்ன அந்தக் கதையில் இரண்டு வயதுகூட நிறையாத குழந்தை படத்தின் ஓரத்தில் நின்றது. அந்தக் குழந்தைதான் 48 ஆண்டுகளுக்குப் பின் அதே கதையைத் தன் வாயால் சொல்ல மேடை ஏறியது.

தாயின் இரவு விடுதி மேடை

டெபி 1960-இல் ஹாரி கார்ல் என்ற காலணி வணிகரை மணந்தார். செல்வந்தர் என்று நம்பி மணந்த அவர் சூதாட்டத்தில் தம் பணத்தையும் இழந்தார், டெபியின் சம்பாத்தியத்தையும் இழந்தார். 1973-இல் மணமுறிவு ஏற்பட்டபோது டெபிக்கு எஞ்சியது கடன்தான். அதற்குள் இசைப்படங்களின் காலமும் முடிந்திருந்தது. எனவே டெபி மேடைக்குப் போனார். லாஸ் வேகாஸ் முதலிய ஊர்களின் இரவு விடுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி பாடியும் ஆடியும் பிற நடிகைகளைப் போலப் பேசிக்காட்டியும் பணம் ஈட்டினார்.

டெபி அந்த மேடைகளில் தம் திருமணத் தோல்விகளை வைத்தே மக்களைச் சிரிக்க வைத்தார். எடி, எலிசபெத் பெயர்களை எடுத்தாலே அரங்கம் சிரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். துன்பம் நடந்து சில ஆண்டுகள் ஆனபின் அதைச் சிரிப்பாக விற்கலாம் என்ற தொழில் இரகசியத்தை மகள் எங்கே கற்றார் என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கேரி சிறு பெண்ணாக அம்மேடைகளின் பக்கவாட்டில் நின்று பார்த்து வளர்ந்தவர். பதின்வயதில் தாயின் நிகழ்ச்சியில் தனிப்பாடலும் பாடினார். அவர் பாடிய பாடல்களில் ஒன்று பால் சைமன் எழுதிய ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்’. அந்தப் பால் சைமனையே 1983-இல் கேரி மணந்தார். மறு ஆண்டே பிரிந்தார்.

1973-இல் டெபி ‘ஐரீன்’ என்ற இசைநாடகத்தில் பிராட்வே மேடை ஏறியபோது, பள்ளிப் படிப்பை முடிக்காமலே கேரி அதன் குழுப்பாடகர்களில் ஒருவரானார். 1975-இல் ‘ஷாம்பூ’ படத்தில் சிறு வேடம்; 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’. ஒரே படத்தில் தாயைவிட உலகப் புகழ் பெற்றுவிட்டார்.

புகழோடு போதையும் வந்தது. தாய்க்கும் மகளுக்கும் நெடுங்காலம் பேச்சுவார்த்தை இல்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் மகள் தம்மோடு சரியாகப் பேசவில்லை என்று 2011-இல் ஓப்ரா வின்ஃபிரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மகளை அருகில் வைத்துக்கொண்டே டெபி கூறினார். டெபி ரெனால்ட்ஸின் மகளாக மட்டும் இருக்க விரும்பவில்லை என்பதே அதற்கு மகள் தரப்பு விளக்கம்.

புனைகதை என்னும் முதல் முயற்சி

1985-இல் அளவுக்கு மீறிய மருந்தால் கேரி உயிருக்குப் போராடி மீண்டார். அந்த அனுபவத்திலிருந்து ‘போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் த எட்ஜ்’ என்ற நாவலை எழுதி 1987-இல் வெளியிட்டார். போதை மறுவாழ்வு மையத்தில் இருக்கும் ஒரு நடிகையின் கதை அது. 1990-இல் மைக் நிக்கல்ஸ் அதைப் படமாக்கினார். திரைக்கதையைக் கேரியே எழுதினார். படத்தில் தாய்–மகள் உறவு நாவலில் இருந்ததைவிடப் பெரிய இடத்தைப் பிடித்தது. மகளாக மெரில் ஸ்டிரீப்பும், மேடையை விட்டு இறங்க மனமில்லாத பழைய நட்சத்திரத் தாயாக ஷர்லி மக்லேனும் நடித்தார்கள். அந்தத் தாய் வேடத்தைத் தாமே ஏற்க டெபி விரும்பியதாகவும், அதற்கு அவர் பொருத்தமில்லை என்று இயக்குநர் மறுத்துவிட்டதாகவும் டெபியே சிரிப்போடு சொல்லியிருக்கிறார்.

இக்கட்டத்தில் கேரி ஒரு மறைப்பைப் பயன்படுத்தினார். பாத்திரங்களுக்கு வேறு பெயர். படத்தில் வருவது தம் தாய் அல்ல என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி. 2001-இல் வந்த ‘தீஸ் ஓல்ட் பிராட்ஸ்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் அந்தத் திரை இன்னும் மெலிந்தது. கேரி இணைந்து எழுதிய அப்படத்தில் டெபி ரெனால்ட்ஸும் எலிசபெத் டெய்லரும் சேர்ந்து நடித்தார்கள். ஒருவரின் கணவரை மற்றவர் கொண்டுபோன பழைய கதையை இரு பாத்திரங்களும் பேசிச் சிரிக்கும் காட்சியும் அதில் உண்டு. தாயும் முன்னாள் சிற்றன்னையும் பேச வேண்டிய உரையாடலை மகள் எழுதிக்கொடுத்த நிகழ்வு திரைப்பட வரலாற்றில் வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை. டெபியும் எலிசபெத்தும் அதற்கு வெகுகாலம் முன்பே சமாதானமாகிவிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேடை நிகழ்ச்சியின் அமைப்பு

ஒருவரே பல பாத்திரங்களாக மாறி நடிக்கும் மரபு அமெரிக்க மேடைக்குப் பழையது. ரூத் டிரேப்பர் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதை ஒரு பெருங்கலையாக வளர்த்தார். 1980-களில் லிலி டாம்லின், ஊப்பி கோல்ட்பர்க் ஆகியோர் பிராட்வேயில் தனியாக அரங்கை நிறைத்தார்கள். அதே காலத்தில் ஸ்பால்டிங் கிரே ஒரு மேசையின் பின் அமர்ந்து தம் வாழ்க்கையை நேரடியாகப் பேசினார். வேடம் போடாமல் தம் பெயரிலேயே தம் கதையைச் சொல்வது இந்த இரண்டாவது வகை. எலேய்ன் ஸ்டிரிச்சின் நிகழ்ச்சியும் (2002), தம் தந்தையையும் தாயையும் பற்றிப் பில்லி கிரிஸ்டல் நடத்திய ‘700 சண்டேஸ்’ நிகழ்ச்சியும் (2004) கேரிக்குச் சற்று முன் பிராட்வேயில் வெற்றி பெற்றிருந்தன. கேரியின் நிகழ்ச்சி இந்த வரிசையில் வருவது. பெர்க்லி ரெப்பர்ட்டரி அரங்கில் 2008-இல் டோனி டக்கோன் இயக்கத்தில் அது திருந்திய வடிவம் பெற்றது.

மேடையில் ஒரு வரவேற்பறை போன்ற அமைப்பு. வெறுங்காலோடும் இரவு உடை போன்ற தளர்ந்த உடையோடும் கேரி வருகிறார். பின்திரையில் அவரைப் பற்றியும் பெற்றோரைப் பற்றியும் வந்த பழைய செய்தித் தலைப்புகள் ஓடுகின்றன. அவரோ மகிழ்ச்சியான நாள்கள் திரும்பிவிட்டன என்னும் பொருள்படும் பழைய பாட்டு ஒன்றைப் பாடுகிறார். முன்வரிசையில் இருப்பவர்கள் மீது மினுமினுப்புத் தூளை வீசுகிறார். தலைப்புச் செய்திகளும் பாட்டும் எதிரெதிராக நிற்கின்றன. ஒரு சொல்கூடப் பேசாமலே நிகழ்ச்சியின் போக்கு பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது.

தொடக்கத்திலேயே அவர் எடுத்துக்கொள்ளும் செய்தி கடுமையானது. 2005-இல் நண்பர் ஒருவர் அவர் வீட்டில், அவர் அருகிலேயே உறக்கத்தில் இறந்துபோனார். அதைச் சொல்லிவிட்டு, இது பற்றி உங்களுக்குக் கேள்விகள் இருக்கும், கேளுங்கள் என்று அரங்கைப் பார்த்துக் கேட்கிறார். மக்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், அவர் பதில் சொல்கிறார். தம்மைப் பற்றி ஊர் மறைவில் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை முகத்துக்கு நேராகக் கேட்க வைத்துவிட்டால் அவற்றின் நஞ்சு இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

அடுத்து வருவது நிகழ்ச்சியின் புகழ்பெற்ற பகுதி. ஒரு பெரிய பலகை இறங்குகிறது. அதில் எடி, டெபி, எலிசபெத், மைக் டாட், ரிச்சர்ட் பர்ட்டன், ஹாரி கார்ல், எடியின் மூன்றாவது மனைவி கோனி ஸ்டீவன்ஸ் எனப் பலரின் படங்கள். கையில் குச்சியோடு கேரி ஆசிரியராகிவிடுகிறார். ஹாலிவுட்டின் உள்ளுறவுத் திருமணங்கள் பற்றிய பாலபாடம் என்று அதற்குப் பெயர். பாடத்துக்குக் காரணமும் உண்டு. கேரியின் மகள் பில்லி, மைக் டாட்–எலிசபெத் டெய்லர் தம்பதியின் பேரனோடு நட்பாகப் பழகியபோது, நாங்கள் உறவினர்களா என்று தாயிடம் கேட்டாராம். அதற்கு விடை காணவே இந்த வம்சவிளக்கம். யார் யாரை மணந்தார், யார் யாரை விட்டார், யாருக்கு யார் மாற்றாந்தாய் என்று குச்சி நகர நகர அரங்கம் சிரிக்கிறது. இரத்த உறவு இல்லை, ஊர்வாய் வழியில் மட்டும் உறவு உண்டு என்ற பொருளில் பாடம் முடிகிறது. வகுப்பறையில் குச்சியோடு நின்றே காலத்தைக் கழித்த எனக்கு, பதிவைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் காட்சிதான் மிகவும் பிடிக்கிறது. சிக்கலான ஒன்றைத் தெளிவாக விளக்கினாலே அது சிரிப்பை வரவழைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. கேரி இங்கே பெரும்பாலும் நகைச்சுவையைச் சேர்க்கவே இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

ஸ்டார் வார்ஸ் பகுதியும் சிரிப்புக்குக் குறைவில்லாதது. தம் உருவத்தின் மீதான உரிமையை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்துவிட்டதால், கண்ணாடி பார்த்தாலும் ஜார்ஜ் லூகாஸுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதுபோல் குறைப்படுகிறார். தலைக்கு ஷாம்பூ ஊற்றும் புட்டியாகவும், மிட்டாய் வெளித்தள்ளும் பொம்மையாகவும், ஆளுயரப் பொம்மையாகவும் தாம் விற்கப்பட்டதைக் காட்டுகிறார். இரசிகர்கள் இதற்காகவே வந்தார்கள் என்றாலும், நிகழ்ச்சியில் இது எளிதான பகுதி என்றே சொல்வேன்.

மேடையில் தாய்

டெபி இம்மேடையில் இல்லை. மகளின் குரல் வழியாகவே வருகிறார். தொலைபேசியில் அழைத்தால் தம் பெயரையும் சேர்த்துச் சொல்லி, உன் அம்மா பேசுகிறேன் என்று தொடங்குவாராம் – மகளுக்கு வேறு பல அம்மாக்கள் இருப்பதுபோல. கேரியின் மகளுக்குத் தந்தையானவர் ஓர் ஆணை நேசித்துப் பிரிந்து சென்றபோது, நம் குடும்பம் எல்லா வகை ஆண்களையும் பார்த்தாயிற்று, இது ஒன்றுதான் புதிது என்ற பொருளில் டெபி ஆறுதல் சொன்னாராம். தம் அப்போதைய கணவருக்குக் குழந்தை இல்லை, கண்கள் அழகானவை, நீ அவருக்கு ஒரு குழந்தை பெற்றுத் தரலாமே என்று மகளிடம் யோசனை சொன்னாராம். கடைசிச் செய்தியைக் கேட்டு அரங்கம் அதிரும். சொல்பவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

இவற்றைக் கேட்டுத் தாயைக் கேலிப்பொருளாக்கிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடியைப் பற்றிய நகைச்சுவையையும் டெபியைப் பற்றிய நகைச்சுவையையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு விளங்கும். தந்தையைப் பற்றிப் பேசும்போது சொல்லில் கூர்மை இருக்கிறது. தந்தையை வீட்டில் பார்த்ததைவிடத் தொலைக்காட்சியில் பார்த்ததே அதிகம் என்ற ஏக்கம் அதன் அடியில் இருக்கிறது. தாயைப் பற்றிப் பேசும்போது குரலே மாறுகிறது, டெபியின் பேச்சைப்போலவே பேசிக்காட்டுகிறார். பிறரைப்போலப் பேசிக்காட்டுவது டெபி இரவு விடுதிகளில் பிழைத்த கலை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிறு வயதைப் பற்றிய ஒரு பகுதியில் சிரிப்பு தணிந்துவிடுகிறது. டெபி ஓயாமல் வேலை செய்தவர். வீட்டில் இருக்கும் நாளில் பிள்ளைகள் அவரை விட்டு அகல மாட்டார்கள். இரவில் தாயின் கட்டிலருகே தரைவிரிப்பில் கேரியும், சன்னலோரச் சோபாவில் தம்பியும் உறங்குவார்களாம். பெரிய உடையறைக்குள் வீட்டுத் தாயாக நுழைபவர் ஒப்பனையும் பொய்முடியும் அணிந்து திரைநட்சத்திரமாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அழகான அந்தத் தாயை உலகத்தோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருந்த ஒரு பெண்குழந்தையின் வருத்தம் இங்கே தெரிகிறது. நிகழ்ச்சியின் உச்சம் பலகைக் காட்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். எடை மிகுந்தது இந்தத் தரைவிரிப்புதான்.

மனநோயைச் சிரித்துப் பேசுதல்

கேரிக்கு இருமுனை மனநோய் இருந்தது. உள்ளம் எல்லை கடந்த ஊக்கத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிச் செல்லும் நோய் இது. 24 வயதிலேயே மருத்துவர்கள் கூறியும் அவர் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. 2000-இல் தேசியத் தொலைக்காட்சியில் இது பற்றி விரிவாகப் பேசினார். மேடையில் தம் இரு மனநிலைகளுக்கும் ராய், பாம் என்று மனிதப் பெயர்கள் சூட்டி அறிமுகம் செய்கிறார். ராய் ஊரைக் கூட்டிக் கூத்தடிப்பவர். பாம் கரையோரம் நின்று அழுபவர். உளவியல் பாடநூல் ஒன்றில் இந்நோய் பற்றிய இடத்தில் இளவரசி லேயாவின் படம் அச்சாகியிருப்பதையும் பெருமையோடு காட்டுகிறார்.

மூளைக்கு மின்னதிர்வு தரும் சிகிச்சையைத் தாம் பெற்றதையும் அவர் மறைக்கவில்லை. திரைப்படங்களில் அது சித்திரவதையாகவே காட்டப்பட்டு வந்தது. மயக்க மருந்து தந்து செய்யப்படும் இக்காலச் சிகிச்சை அப்படிப்பட்டதன்று, கடும் மனச்சோர்வில் தமக்கு உதவியது என்று பேசியும் எழுதியும் வந்தார். 2011-இல் வெளியிட்ட நூலுக்கு ‘ஷாக்கஹாலிக்’ என்றே பெயரிட்டார். சிகிச்சை அவருடைய நினைவாற்றலின் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. தம் வாழ்க்கையைத் தமக்கே மறுபடி அறிமுகம் செய்துகொள்ளவே எழுதுவதாக அவர் கூறியதை இதோடு சேர்த்துப் பார்த்தால், மேடையில் ஏன் இத்தனை படங்களும் செய்தித் தலைப்புகளும் என்பது வேறு விதமாக விளங்கும்.

வலி வெளியே தெரியக்கூடாது என்று பயின்ற தலைமுறையின் மகள், எல்லாவற்றையும் வெளியே வைத்தார். டெபி இதை எப்படி எடுத்துக்கொண்டார்? மகளின் நோயைப் பற்றித் தாமும் நேர்காணல்களில் வெளிப்படையாகவே பேசினார். இருவரும் பெவர்லி ஹில்ஸில் அடுத்தடுத்த வீடுகளில், ஒரு சிறு மேட்டை இடையே வைத்து வாழ்ந்தார்கள். 2015 சனவரியில் திரை நடிகர் சங்கத்தின் வாழ்நாள் சாதனை விருதை டெபி பெற்றபோது, அதை மேடையில் வழங்கியவர் கேரி. அன்றும் தாயைக் கிண்டல் செய்தே பேசினார்.

பிற்காலம்

எச்பிஓ பதிவு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது. பிராட்வே வடிவம் இதைவிட நீளம். அது ஒளிபரப்பாவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் முன்னதாக, 2010 செப்டம்பரில், எடி ஃபிஷர் காலமானார். அவரது கடைசிக் காலத்தில் தந்தையும் மகளும் நெருங்கியிருந்தார்கள். ‘ஷாக்கஹாலிக்’ நூலில் தந்தையைப் பற்றிய பகுதிகள் மேடையில் இருந்ததைவிட மென்மையானவை. இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பது நல்லது.

2016 திசம்பர் 23 அன்று இலண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்த விமானத்தில் கேரிக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 27-ஆம் நாள் தம் 60-ஆம் வயதில் காலமானார். மறுநாள், மகன் டாட்டின் வீட்டில் மகளின் இறுதிச் சடங்குக்கான ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்த டெபி, மூளைப் பக்கவாதத்தால் தம் 84-ஆம் வயதில் இறந்தார். இருவரையும் பற்றி அலெக்சிஸ் புளூம், ஃபிஷர் ஸ்டீவன்ஸ் இயக்கிய ‘பிரைட் லைட்ஸ்’ என்ற ஆவணப்படம் அதே ஆண்டு கான் விழாவில் திரையிடப்பட்டிருந்தது. 2017 சனவரி 7 அன்று எச்பிஓ அதை ஒளிபரப்பியது. பதின்வயதுக் கேரி தாயின் மேடையில் பாடும் பழைய காட்சியை அதில் பார்க்கலாம்.

கேரியின் அஸ்தியில் ஒரு பகுதி ஹாலிவுட் ஹில்ஸ் ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தில் தாயோடு அடக்கம் செய்யப்பட்டது. எஞ்சிய பகுதி புரோசாக் என்னும் மனச்சோர்வு மாத்திரையின் வடிவில் செய்த பீங்கான் கலசத்தில் வைக்கப்பட்டது. கேரி வாழ்ந்த காலத்தில் ஆசையாக வாங்கி வீட்டில் வைத்திருந்த பொருள் அது. அதையே அவர் விரும்பியிருப்பார் என்று தம்பி செய்தியாளர்களிடம் கூறினார்.